மாஸ்டர் பதில்கள்: 136ஆவது ஆட்டம்

போன இதழில் ஒரு கிரிக்கெட் கேள்விக்குப் பதில் எழுதும்போது, "135 தடவை நடக்காதது 136ஆவது தடவை நடந்துவிடும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் 2018இல் பார்த்தோமே" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் மற்ற எல்லாக் கேள்விகளையும் மூழ்கடித்துவிட்டன. ஆகவே இம்முறை முழுக்கக் கூடைப்பந்து. கிரிக்கெட் அன்பர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் போட்டிக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? எங்கள் கல்லூரியும் வலய மட்டத்தில் ஆடுகிறது. பார்க்க அதிபர்கூட வருவதில்லை.
— உயர்தர மாணவன், மஸ்கெலியா

தம்பி, முதலில் சொல் சிக்கலைத் தீர்ப்போம். நம் நாட்டில் கல்லூரி என்றால் பாடசாலை. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் காற்சட்டை போட்ட பிள்ளையும் படிக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். ஆடுகிறவர்களுக்கு வயது 18 முதல் 22, 23. அங்கே பல ஊர்களில் தொழில்முறை அணி கிடையாது, பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி. தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு போய் உட்காருவார்கள்.

என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் இதை நடத்துகிறது. 1939இல் 8 அணிகளோடு தொடங்கினார்கள். 1985இல் 64 ஆனது, 2011 முதல் 68. மார்ச் நடுவில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். தோற்றால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும், இரண்டாவது வாய்ப்பு இல்லை. அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் பலத்தின்படி 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள். முதல் சுற்றில் 1ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் மோதும். என்னுடைய அந்த ஒரு வரி இதைப் பற்றியதுதான்.

அதிபர் வராததற்கு என்னிடம் பதில் இல்லை. என் காலத்திலும் வரவில்லை.

அந்த 136ஆவது தடவை என்னதான் நடந்தது? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது மாதிரியா?
— வாசகி, தலவாக்கலை

சறுக்கியிருந்தால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் தோற்றிருப்பார்கள். இது சறுக்கல் இல்லை அம்மா, யானை படியில் உருண்டு விழுந்த கதை.

1985 முதல் 16ஆம் எண் அணிகள் 1ஆம் எண் அணிகளோடு 135 தடவை மோதி 135 தடவையும் தோற்றிருந்தன. 2018 மார்ச் 16 இரவு, வட கரோலினாவின் சார்லட் நகரில், வேர்ஜீனியா பல்கலைக்கழகமும் யூ.எம்.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேரிலன்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகமும் ஆடின. வேர்ஜீனியா அந்தப் பருவத்தில் 31 வெற்றி, 2 தோல்வி. 68 அணிகளுக்கும் மேலாக முதல் இடம் கொடுக்கப்பட்ட அணி. மற்றது சதுரங்கத்துக்குப் பெயர்போன பல்கலைக்கழகம்.

இங்கே அது 17ஆம் திகதி சனிக்கிழமை காலை. திகனப் பக்கம் கலவரம் நடந்து, முகநூலைப் பூட்டி வைத்து, திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என் வீட்டில் சிக்னல் கிடையாது. மேலே கோயில் முடக்கில், கல் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அங்கே நின்று எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டத்தில் 21–21. சரி, இனி வேர்ஜீனியா இறுக்கிப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க இறங்கிவிட்டேன். திரும்பி ஏறியபோது எண் புரியவில்லை. தொலைபேசி பழுது என்றே நினைத்தேன். 74–54.

அந்த எண்ணுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேர்ஜீனியா தடுப்பாட்டத்துக்குப் பேர் போன அணி. ஒரு முழு ஆட்டத்தில் எதிரணிக்குச் சராசரி 54 புள்ளிக்குள்தான் விட்டுக்கொடுக்கும். அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்தது. 40 நிமிடத்துக் கணக்கை 20 நிமிடத்தில் தீர்த்துவிட்டார்கள். ஜைரஸ் லைல்ஸ் என்ற பையன் தனியாக 28 புள்ளி. தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில் யூ.எம்.பி.சி. 24 எறிந்து 12 போட்டது, வேர்ஜீனியா 22 எறிந்து 4.

காரணம் கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று, டி'ஆன்ட்ரே ஹன்டர் என்ற அவர்களுடைய நல்ல ஆட்டக்காரனுக்கு மணிக்கட்டு முறிந்து அவன் வெளியே உட்கார்ந்திருந்தான். மற்றது அவர்களுடைய ஆட்ட முறை. பந்தை வைத்துக்கொண்டு, எறிவதற்குத் தரும் 30 விநாடிக் கெடு முடியும் வரை பொறுத்து எறிவார்கள். தடுக்கும்போது, கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் ஒடுக்கிக்கொள்வது போல ஐந்து பேரும் வளையத்தைச் சுற்றி ஒடுங்கிவிடுவார்கள், தூர எறிதலை விட்டுவிடுவார்கள். இந்த முறையை வளர்த்தவர் பயிற்றுநர் டோனி பென்னட்டின் தகப்பனார் டிக் பென்னட். நல்ல முறைதான். ஆனால் மெதுவாக ஆடினால் இரண்டு பக்கத்துக்கும் எறியக் கிடைக்கும் தடவைகள் குறைகின்றன. காசை நூறு தடவை சுண்டினால் பூவும் தலையும் கிட்டத்தட்டச் சமமாக வரும். ஐந்து தடவை சுண்டினால் ஐந்தும் பூவாக வந்துவிடலாம். பலசாலி மெதுவாக ஆடுவது பலவீனனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான். பின்தங்கிவிட்டாலோ, ஓடிப் பிடிக்கப் பழகாத கால்.

சேர், நான் உங்களிடம் படித்தவள். இப்போது நுவரெலியாவில் இருக்கிறேன். நம் வளையக் கதையை எழுதுங்கள், என் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
— பழைய மாணவி

நீயா பிள்ளை! உன் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்னும் 'ழ'வைச் சாய்த்துத்தான் போடுகிறாய்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம். கூடைப்பந்துக்கு ஒன்றுமே இல்லை. தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர், நல்ல மனிதர், பழைய இரும்பில் 18 அங்குல வளையம் ஒன்று ஒட்டித் தந்தார். பலகைக்குத் தேயிலைப் பெட்டித் தகடு. ஒரு கம்பத்தை நட்டு, 10 அடி அளந்து வளையத்தைப் பூட்டினோம். அந்த 10 அடிக்கும் ஒரு கதை உண்டு. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தபோது, உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தில் பீச் பழக்கூடை இரண்டை ஆணியடித்து மாட்டினார். மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். இன்றும் உலகம் முழுக்க அதே 10 அடி.

நம் வளையம் மட்டும் 10 அடியில் நிற்கவில்லை. மே மாதம் மழை தொடங்கி, மண் ஊறி, கம்பம் மெல்ல மெல்ல இறங்கியது. தினமும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த மூன்று மாதம் இந்தப் பிள்ளைகள் பனியில் நின்று எறிந்து பழகினார்கள். மறு முனையிலிருந்து வளையம் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் விழுந்ததா என்று சொல்வோம். எறிந்தது எல்லாம் விழுந்தது! நமக்கு நிகர் யாருமில்லை என்று வலயப் போட்டிக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு பந்தும் வளையத்தின் முன் விளிம்பில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தது. 41–9. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நீதான் டிக்கோயா தாண்டும்போது கேட்டாய்: "சேர், அவங்க வளையம் உசரமா இருந்துச்சா?"

வந்ததும் நாடா வைத்து அளந்தேன். 9 அடி 7 அங்குலம்.

அடியில் கொங்கிறீட் போட்டுக் கம்பத்தை நிமிர்த்தினோம். அடுத்த வருடம் வென்றோம் என்று உன் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாய். பொய். 4 புள்ளியில் தோற்றோம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுக் கச்சேரி நடந்தது.

வேர்ஜீனியா அடுத்த வருடம் கிண்ணத்தை வென்றதாமே? ஆட்ட முறையை மாற்றினார்களா?
— ஆசிரியர், பண்டாரவளை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மாற்றவில்லை. அதே பென்னட், அதே ஒடுங்கல், அதே மெதுவான ஆட்டம். நாடே சிரித்த பிறகும் மாற்றவில்லை. எனக்கு அந்த அணியைப் பிடித்துப்போனது அதனால்தான். தோற்றவுடன் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போடும் பயிற்றுநர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்.

2019இல் மறுபடியும் 1ஆம் எண். முதல் ஆட்டம் மறுபடியும் ஒரு 16ஆம் எண்ணோடு, கார்ட்னர்-வெப் என்ற சின்னப் பல்கலைக்கழகம். ஒரு கட்டத்தில் 14 புள்ளி பின்னால். பாதி ஆட்டத்தில் 30–36. அந்தப் பையன்களின் வயிற்றில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முடிவில் 71–56 என்று வென்றார்கள். பிறகு ஓக்லஹோமா, ஓரிகன்.

அடுத்தது பர்டூ. கார்சன் எட்வர்ட்ஸ் என்ற குள்ளமான பையன் அன்று 42 புள்ளி போட்டான், அதில் பத்து மூன்று புள்ளி எறிதல்கள். கோழி இறக்கைக்குள் ஒடுங்கினாலும் வெளியே நின்று கல் எறிகிறவனை என்ன செய்வது? 5.9 விநாடி மீதி, வேர்ஜீனியா 2 புள்ளி பின்னால். டை ஜெரோம் எறிந்த ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கொடுக்கும் ஒரு புள்ளிப் பந்து) வளையத்தில் பட்டு வெளியே வந்தது. மமாடி டியாகிடே விரலால் தட்ட, பந்து தப்பான பக்கத்துக்கு, தங்கள் சொந்தப் பாதிக்குப் பறந்தது. கிஹே கிளார்க், 5 அடி 9 அங்குலம், அணியிலேயே குட்டையானவன், முதல் வருட மாணவன், ஓடிப்போய்ப் பிடித்தான். பக்கத்தில் இரண்டு பேர் கையைத் தூக்கிப் பந்து கேட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல், வளையத்தின் பக்கம் நின்ற டியாகிடேக்கு நீளமாக வீசினான். டியாகிடே பிடித்த கையோடு எறிந்தான். மணி அடித்தது, பந்து உள்ளே. 70–70. மேலதிக நேரத்தில் 80–75.

நான் ஒளிப்பதிவில் அந்த வீச்சை எத்தனை தடவை பார்த்தேன் என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டும். எறிந்தவனை எல்லோரும் தூக்கிக் கொண்டாடினார்கள், எனக்கு எறியக் கொடுத்தவன்தான் கண்ணுக்குள் நிற்கிறான். முதல் வருடப் பிள்ளை, இரண்டு அண்ணன்மார் "தா, தா" என்று கேட்கும்போது தராமல் விடுவது லேசான காரியமா?

அரையிறுதி மினியாபோலிஸ் நகரில், ஓபர்ன் பல்கலைக்கழகத்தோடு. 60–62 என்று பின்னால். 0.6 விநாடி மீதியிருக்க, மூன்று புள்ளி எறிந்த கைல் கை என்பவன்மேல் ஃபவுல். பெயரே கை! மூன்று ஃப்ரீ த்ரோ, எழுபதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க. மூன்றும் உள்ளே, 63–62.

இறுதியாட்டம் ஏப்ரல் 8. நமக்கு 9ஆம் திகதி செவ்வாய் காலை ஏழு மணியளவில். மின்வெட்டு நடந்த நாட்கள், என் தொலைபேசியில் பாதி சார்ஜ் கூட இல்லை. கோயில் முடக்கில் கல் மேல் நின்றேன். பெரட்டு முடிந்து கூடையோடு மலைக்கு ஏறிய பெண்கள், "மாஸ்டர் யாருக்குக் கோல் எடுக்குறீங்க?" என்று கேலி பண்ணிக்கொண்டே போனார்கள். டெக்சாஸ் டெக் 3 புள்ளி முன்னால், 12 விநாடி அளவில் மீதி. மூலையிலிருந்து ஒரு மூன்று புள்ளி, 68–68. எறிந்தது ஹன்டர். முந்தைய வருடம் முறிந்த மணிக்கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்த அதே ஹன்டர். அன்று அவன் 27 புள்ளி. மேலதிக நேரத்தில் 85–77.

தொலைபேசி அணைந்துவிட்டது. முடிவு வந்த பிறகுதான் அணைந்தது, அந்த மட்டில் புண்ணியம்.

நீங்கள் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டதால் வந்த வெற்றி என்று என் மகன் சொல்கிறானே?
— வாசகர், பொகவந்தலாவை

உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஓபர்ன் ஆட்டத்தில், அந்த ஃபவுலுக்குக் கொஞ்சம் முன்பு ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது அது காலில் பட்டது, அவன் இரண்டு கையாலும் பிடித்து, மறுபடியும் தட்டினான். அது இரட்டைத் தட்டல், பந்து ஓபர்னுக்குப் போயிருக்க வேண்டும். ஊதவில்லை. ஃபவுல் உண்மையான ஃபவுல். இரட்டைத் தட்டலும் உண்மையான இரட்டைத் தட்டல். ஒன்றை ஊதி ஒன்றை விட்டார்கள். இறுதியாட்டத்திலும் கடைசி நேரத்தில் வெளியே போன ஒரு பந்து டெக்சாஸ் டெக் ஆட்டக்காரனின் சுண்டு விரலில் பட்டுப் போனதை ஒளிப்பதிவில் போட்டுப் பார்த்து, வேர்ஜீனியாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆகவே அதிர்ஷ்டம் இருந்தது. கல் தடுக்கினால் தோற்றிருப்பார்கள், மூன்று ஆட்டத்திலும். அதற்காக வெற்றியைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. 5.9 விநாடிக்கும் 0.6 விநாடிக்கும் வந்து நிற்கிற தூரத்தை அதிர்ஷ்டம் ஓடித் தரவில்லை. ஓபர்ன் ஊர்க்காரனாக இருந்தால் நானும் உங்கள் மகன் பக்கம்தான்.

அந்தப் பையன்களுக்குச் சம்பளம் எவ்வளவு?
— கொழுந்துக் கணக்குப்பிள்ளை, கொட்டகலை

2019இல் ஒரு சதமும் இல்லை. படிப்புச் செலவு, அறை, சாப்பாடு உண்டு. சம்பளம் என்று கையில் வாங்கினால் தடை. தன் பெயர் போட்ட பனியன் கடையில் விற்றாலும் அவனுக்குப் பங்கு கிடையாது. அதே நேரம் தொலைக்காட்சிக் கம்பனிகளோடு 2010இல் செய்த ஒப்பந்தம் 14 வருடத்துக்கு 1,080 கோடி டொலர். பயிற்றுநர்களுக்கு வருடத்துக்குப் பல லட்சம் டொலர். பென்னட் கிண்ணம் வென்ற பிறகு கொடுக்க வந்த சம்பள உயர்வை வேண்டாம் என்றார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் முதலில் யாராவது தர வேண்டுமே!

அந்த 2019 ஜனவரியில் நம் தோட்டத்து ஆட்கள் நாட்சம்பளம் 1000 ரூபாய் கேட்டு நின்றார்கள், 500 அடிப்படைச் சம்பளம் 700 ஆகி ஒப்பந்தம் கையெழுத்தானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1000 என்று வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில். அமெரிக்க உயர் நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.க்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னது அதே 2021 ஜூனில். அது கல்விச் சலுகைகளுக்குப் போட்ட வரம்பு பற்றிய வழக்கு, ஆனால் அடுத்த மாதமே தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க ஆட்டக்காரர்களை அனுமதித்தார்கள். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரே வருடத்தில் இரண்டு இடத்திலும் பூட்டு அசைந்ததைச் சொல்கிறேன், இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு நான்கு வருடம்தான் காத்திருப்பு. நம் பெண்களுக்கு?

பெண்களுக்கு இந்தப் போட்டி உண்டா?
— மாணவி, ராகலை

உண்டு, 1982 முதல். ஆண்கள் 2018இல் செய்ததைப் பெண்கள் 20 வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1998இல் 16ஆம் எண் ஹார்வர்ட், 1ஆம் எண் ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 71–67 என்று வென்றது. ஆகவே என்னுடைய "136ஆவது தடவை" ஆண்கள் கணக்கு மட்டும், போன இதழில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. 2024இல் பெண்கள் இறுதியாட்டத்தை ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அதிகம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தென் கரோலினா 87, அயோவா 75.

வலைப்பந்து ஆடுகிறாயா? ஆடு. தர்ஜினி சிவலிங்கம் இருந்த நம் அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்தது. வலைப்பந்து வளையமும் 10 அடிதான். உன் பாடசாலைக் கம்பத்தை இன்றைக்கே நாடா வைத்து அள.

வேர்ஜீனியா இப்போது எப்படி இருக்கிறது? பென்னட் இருக்கிறாரா?
— வாசகர், பதுளை

2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் போட்டியையே நிறுத்திவிட்டார்கள், அதனால் ஒரு கிண்ணத்தை இரண்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உச்சத்துக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. 1ஆம் எண் அணி 16ஆம் எண்ணிடம் தோற்பது 2023இல் மறுபடியும் நடந்தது, இந்த முறை விழுந்தது பர்டூ, 58–63. பர்டூவும் அடுத்த வருடம் இறுதியாட்டம் வரை ஏறி வந்தது. அங்கே யூகோன் என்று அழைக்கப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திடம் 60–75 என்று தோற்றது. எல்லோருக்கும் மணி அடிக்கும்போது பந்து விழுவதில்லை.

பென்னட் 2024 ஒக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது விலகிக்கொண்டார். 2025 மார்ச்சில் புதுப் பயிற்றுநரைக் கொண்டுவந்தார்கள். பெயர் ரயன் ஓடம். அவருடைய தகப்பனார் முன்பு வேர்ஜீனியாவில் துணைப் பயிற்றுநராக இருந்தபோது, சின்னப் பையனாக அதே அரங்கில் பந்து பொறுக்கிப் போட்டவர். 2018 மார்ச் 16 இரவு சார்லட்டில், அந்த 74–54 அன்று, யூ.எம்.பி.சி.யின் பயிற்றுநராக எதிர்ப்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்தவரும் அவரேதான்.